புல்லட்டும் புது ஃபில்டரும்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் 350 வண்டிகளில், காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவோர் பலர். "காற்று தாராளமாகப் போனால் இழுவை கூடும்" என்பது பட்டறைப் பேச்சு. அது பாதி உண்மைதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. காற்று மட்டும் மிகுந்தால் கலவை மெலிந்து என்ஜின் கொதிக்கும். முடிவில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

காற்றின் வேகம் கூடினால், பெர்னூலி தத்துவப்படி பெட்ரோலும் கூடுதலாக உறிஞ்சப்படாதா? வகுப்பறையில் எழக்கூடிய நல்ல கேள்வி இது. பழைய பெட்டியின் தடையும் கார்புரேட்டரின் தொண்டையில் அழுத்தத்தைக் குறைத்து, பெட்ரோலை இழுக்க உதவிவந்தது. தடை நீங்கியதும் அந்த உதவியும் போய்விடுகிறது.

ஆகவே ஜெட்டை மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியை நிறுத்திவைத்துக் காற்றுத் திருகை மட்டும் திருகி, ஐடிலிங் சீரானதும் வேலை முடிந்தது என்கிறார்கள். அந்தத் திருகின் ஆட்சி ஆக்சிலேட்டரின் முதல் கால்பகுதி வரைதான். நடுப்பகுதிக்கு ஊசி, கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். முக்கால் முதல் முழு முறுக்கு வரை மெயின் ஜெட். ஆபத்து இருப்பதும் அங்கேதான். எனவே முதலில் அதையே ஓரளவு பெரிதாக்க வேண்டும்.

முழு முறுக்கில் சற்றுத் தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, உடனே என்ஜினை அணைத்து, ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் பெரிய ஜெட். கரி படிந்திருந்தால் சிறியது. பிஸ்கட் நிறமானால் ஊசிக்குப் போகலாம். காற்றுத் திருகு கடைசியில்.