மலிவு விலை வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

1. 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவான அடமானமும் கைமாற்றமும் அதில் தெரிந்துவிடும்.

2. பட்டாவில் உள்ள பெயர், சர்வே எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எண் பிசகினாலும் பின்னால் அலைச்சல்தான்.

3. மனை என்றால் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம்.

4. புதிய அடுக்குமாடி என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். தகராறு வந்தால் அங்கேயே முறையிடலாம்.

5. ரெரா திட்டத்தில் ஒப்பந்தம் பதிவாகும்வரை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை.

6. கார்பெட் ஏரியாவை வைத்து விலையைக் கணக்கிடுங்கள். நீங்கள் புழங்கப்போகும் இடம் அதுதான்.

விற்பவர் தாய்ப்பத்திரத்தைக் காட்டத் தயங்குகிறாரா? விலை எவ்வளவு மலிவானாலும் விலகிவிடுங்கள்.