வீட்டெறும்புகளை ஒழிக்கும் சுலப முறை

வீடுகளிலும் சங்கப் பண்டகசாலைகளிலும் எறும்புகளால் நேரும் நஷ்டத்தை நம்மவர் அற்பமாக எண்ணுவது வழக்கம். விதைக்கென்று வைத்த எள்ளும் கேழ்வரகும் மணி மணியாகப் புற்றுக்குள் சென்று சேர்வதை எவரும் கணக்கிடுவதில்லை. தொட்டிற் குழந்தையைச் செவ்வெறும்பு கடித்தாலன்றி வீட்டார் விழித்துக்கொள்வதுமில்லை. விழித்தபின் கைக்கு அகப்பட்ட விஷத் தூளைத் தூவுவதே பெரிய அபாயம்.

முதலாவது அறியவேண்டியது யாதெனில், சுவரிற் சாரையாகச் செல்லும் எறும்புகள் கூட்டத்தின் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை கூட்டினுள் ராணியையும் குஞ்சுகளையும் பேணுகின்றன. முட்டையிடுவது ராணியே, சில இனங்களில் ராணிகள் பல. வெளியே வந்த எறும்பு தான் அருந்திய இனிப்பை வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டுகிறது. ஆகையால் வெந்நீர் ஊற்றி நூறு எறும்புகளைக் கொன்றாலும், ராணி இருக்கும்வரை வேறு நூறு புறப்பட்டுவரும். மஞ்சள் தூளும் எலுமிச்சைச் சாறும் அவற்றின் வழியை மாற்றுமேயன்றிக் கூட்டை அழிப்பதில்லை. மிகச் சிறிய மஞ்சள் நிற எறும்பினத்திலோ, கடுமையான மருந்தைத் தெளித்தால் ஒரு கூட்டம் பலவாகப் பிரிந்து வேறு அறைகளிலும் குடியேறிவிடும். ரவையைத் தின்று வயிறு வீங்கி எறும்பு சாகும் என்பாரும் உளர். வளர்ந்த எறும்பு திடப் பொருளை விழுங்க இயலாது, திரவத்தையே அருந்தும். ஆதலால் ரவை வீண் செலவு.

நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் கிடைக்கும். படிகாரம் வேறு, மாற்றி வாங்கலாகாது. 100 மில்லி லிட்டர் வெந்நீரில் 15 கிராம் சர்க்கரையும், 1 கிராம் (ஏறக்குறையக் கால் தேக்கரண்டி) வெண்காரப் பொடியும் கரைத்து ஆறவிடவேண்டும். இதிற் பஞ்சை நனைத்துச் சிறு மூடிகளில் இட்டு எறும்பு செல்லும் வழியில் வைக்கலாம். பலர் தவறுவது அளவிலேதான். மருந்து மிகுந்தால் எறும்பு அங்கேயே மடியும், அல்லது தீண்டாமற் போகும். கூட்டுக்கு ஒன்றும் சென்று சேராது. மெதுவாகக் கொல்வதே இம்மருந்தின் நன்மை. முதல் இரண்டு நாள் எறும்புகள் முன்னிலும் அதிகமாக மொய்க்கும். அப்போது அவற்றை நசுக்குவதோ, வழியைத் துடைப்பதோ கூடாது. பஞ்சு உலராமற் புதுப்பித்து வந்தால் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் சாரை குன்றும். அதன்பின் வழியைச் சோப்பு நீரால் துடைத்துச் சந்துகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கவேண்டும். எறும்பு இனிப்பை விட்டு எண்ணெய்ப் பண்டத்தையே நாடினால், அரைத்த வேர்க்கடலை 100 கிராமுக்கு 1 கிராம் வெண்காரம் நுண்ணிய பொடியாகக் கலந்து வைக்கலாம்.

வெண்காரம் வீட்டுப் பொருள் போலத் தோன்றினும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு செய்யும். கரைசலைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, உப்பு ஜாடியின் அருகே பொடியை வையாதிருத்தல் அவசியம்.

தானியக் குதிரைச் சுற்றிப் பொடி தூவுதல் நெடுங்காலம் நம் கிராமங்களில் நடந்த வழக்கம். அவ்வாறு தூவப்பட்ட பி.எச்.சி. தூள் 1997-ஆம் ஆண்டில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பரணில் பழைய டப்பா எஞ்சியிருப்பின் அதனைத் தொட்டுப் பயன்படுத்தலாகாது. வேளாண்மை அலுவலரிடம் தெரிவிப்பதே தக்கது. அலமாரிக் கால்களின் கீழ் நீர்க் கிண்ணம் வைக்கும் பழைய முறை இன்றும் நல்லதே. ஆனால் அந்நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புது நீர் ஊற்றவேண்டும்.

தோட்டத்தெறும்புகளை இவ்வாறு ஒழிக்கவேண்டுவதில்லை. அவை கறையானையும் பூச்சி முட்டைகளையும் தின்பவை.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் ஒரு வீட்டார் மட்டும் முயன்றால் பயன் குறைவு. அடுத்த வீட்டுக் கூட்டம் இங்கும் இரைதேடி வரும். சங்கத்தார் 100 கிராம் வெண்காரத்தையும் ஒன்றரைக் கிலோ சர்க்கரையையும் வாங்கி 10 லிட்டர் நீரிற் கரைத்தால், 100 வீடுகளுக்கு ஒரு முறைக்குப் போதும். பொடியாகக் கொடாமல், விஷம் என்று எழுதி ஒட்டிய புட்டிகளிற் கரைசலாகவே கொடுத்தால் அளவும் பிசகாது. தெரு முழுவதும் ஒரே வாரத்தில் வைக்கும்படி நாள் குறித்துக்கொள்வது நலம்.