மீன் தொட்டிக்கும் மூடாக்கு

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் தோட்டத்தோடு, பேரனுக்காக ஒரு கண்ணாடித் தொட்டியும் வைத்திருக்கேன். கப்பி மீன்களும் குட்டி இறால்களும் அதில் உண்டு. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கொய்யாச் சருகை எடுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை, மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. விசாரித்தால், நாலு நாள் முன்னாடிதான் அங்கே மருந்து அடிச்சிருக்காங்க. இறால் பூச்சிக்கு உறவுக்காரன்தானே! மீன் தாங்குகிற அளவு நஞ்சே அதைக் கொன்றுவிடும்.

குற்றம் சருகின் மேல் இல்லை. நிலத்து மூடாக்கு செய்யும் வேலையைத்தான் அது தண்ணீரில் செய்கிறது. ஊறிய சருகின் மேல் நுண்ணுயிர்கள் வழவழப்பாகப் படரும். இறால் முதலில் மேய்வது அதைத்தான். பிறகு நரம்பு மட்டும் மிஞ்சும்வரை இலையையும் அரிக்கும். சருகின் துவர்ப்பு இறங்கித் தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம்.

செய்முறை:

* நாட்டு வாதுமை, கொய்யா, பலா இலைகள் ஏற்றவை. பழுத்து, தானாக உதிர்ந்து காய்ந்ததையே எடுங்க. பச்சை இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.
* கழுவி, கொதிநீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் சீக்கிரம் அடியில் தங்கும்.
* 40 லிட்டருக்கு ஒரு பெரிய வாதுமை இலை போதும்.
* சாலையோர இலை வேண்டாம். வேப்பிலையும் வேண்டாம், அது பூச்சிவிரட்டி ஆச்சே.

இப்போ எங்க தோட்டத்துச் சருகுதான் போடுகிறேன். தொட்டி நிறைய இறால் குஞ்சுகள். பேரன் தினமும் எண்ணிப் பார்த்து, கணக்கு தப்பிப்போய் மறுபடி எண்ணுகிறான்.