தூண்டிற்கோல் கட்டும் முறை

சுவிசேஷங்களில் மீன்பிடித்தல் பேசப்படும் இடங்களிலெல்லாம் வலையே காணப்படுகின்றது. தூண்டில் வருவது ஓரிடத்தில் மாத்திரமே. மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் இறுதியில், வரிப்பணத்தின் பொருட்டுக் கடலுக்குப் போய்த் தூண்டில் போடும்படி பேதுரு கட்டளை பெறுகின்றான். அங்கும் கோல் ஒன்று இருந்ததாகச் சொல்லப்படவில்லை. கோலைக் காண விரும்புவார் நம் குறுந்தொகைக்கு வரலாம். அதன் 54-ஆம் பாட்டில், தினைப்புனங் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்த பசுமூங்கிலைக் கைவிடுகின்றது. அம்மூங்கில் மீனைப் பற்றிய தூண்டில்போல் மேலெழுகின்றது. இவ்வுவமையினாலேயே அதனைப் பாடியவர் மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். இப்பாட்டை வகுப்பிற் கற்றபொழுது, கோலின் இலக்கணம் முழுதும் இதனுள் அடங்கிற்றென்று யான் எண்ணினேன்: வளைதல், வளைந்தது முறியாது மீளுதல். முறிதலைப் பற்றிப் பின்னரே கற்றேன்.

கடற்கரையினின்று எறிதற்குரிய கோலை, முன்பயிற்சி யில்லாதான் ஒருவன் தன் கையாற் கட்டுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். யான் கட்டியவை இரண்டே. அவற்றுள் முதலாவது பயன்படாது போயிற்று. ஆதலின் வல்லவன் வாய்ச்சொல்லாக இதனைக் கொள்ளற்க.

எனக்கு இம்முயற்சி நேர்ந்த காரணத்தைச் சுருங்கக் கூறுவேன். எம் பாட்டனார் நாற்பது ஆண்டுகட்கு மேலாகக் கட்டுமரத்திற் கடலோடியவர். தங்கூசி நரம்பைக் கையாற் பற்றியே பெருமீன் இழுத்தவர். அந்நரம்பே ஒருநாள் அவர்தம் வலக்கைப் பெருவிரலின் தசைநாரை அறுத்தது. மருத்துவர் தைத்தனராயினும் பிடியின் வலி மீளவில்லை. இப்பொழுது அவர் மீன்பிடிப்பது தூண்டில் வளைவின்மேல் நின்றே. (கடலரிப்பைத் தடுக்கக் குமரிக்கரை ஊர்களிற் கல்லடுக்கிக் கட்டிய சுவர்க்கு அதன் வளைந்த வடிவினால் இப்பெயர் வழங்குகின்றது, அரசாங்கத்தார் ஏடுகளிலும் இதுவே பெயர். நெய்தல் நிலத்தார் சொல் அலுவலகம் ஏறியது கண்டு மகிழ்கின்றேன்.) அவர்க்கெனக் கடையில் வாங்கிய கோலின் வளையங்கள் ஒரு பருவத்திற்குள் துருவேறி நூலை அறுக்கத் தொடங்கின. பிடியும் அவர் கைக்குப் பொருந்தவில்லை. எனவே அவர் கைக்கு அளவான ஒன்றைக் கட்டத் துணிந்தேன்.

கோலின் உடலாகிய வெறுங்குழலை வணிகர் ‘பிளாங்க்’ என்பர். யான் வெறுங்கோல் என்கின்றேன். முற்காலத்து இது மூங்கிலே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டார் மூங்கிலைப் பிளந்து ஆறு கீற்றுக்களை ஒட்டிக் கோல் செய்தபொழுது, அவர்க்கு முதலில் உதவியது நம் நாட்டிலிருந்து சென்ற கல்கத்தா மூங்கில் என்பது நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் பின்னர்க் கண்ணாடி இழையும், 1970-களிற் கார்பன் இழையும் அதனிடத்தைப் பற்றின. கார்பன் இலேசானது, விரைந்து மீள்வது. ஆனால் மேற்பரப்பிற் கீறல் பட்டாற் பொறாது. கண்ணாடி இழை கனமானது, அடி பொறுப்பது. தொடக்கக்காரன் இரண்டுங் கலந்த கோலையோ கண்ணாடிக் கோலையோ வாங்குதல் நன்று. யான் இலேசை விரும்பிக் கார்பனையே வாங்கினேன். பத்தடி நீளம், இரண்டு துண்டு.

முதற்கண் கோலின் முதுகை அறிதல் வேண்டும். இழைத்துணியை உருளையிற் சுற்றிச் செய்வதால், துணியின் ஓரம் படியும் பக்கம் சற்றுத் தடித்திருக்கும். அடிமுனையை வழுவழுப்பான தரையில் ஊன்றி, நுனியை ஒருகையிற் பற்றி, மறுகையால் நடுவை அழுத்தி உருட்டினால் கோல் ஒருநிலையில் தானே புரண்டு நிற்கும். அந்நிலையை மதியாது வளையங்கட்டினாற் கோல் முறுக்கிக்கொள்ளும் என்று பலர் அஞ்சுவர். இவ்வச்சம் மிகையென்பதே என் கருத்து. முறுக்கம் வருவது வளையங்கள் மேற்புறம் இருக்கும்பொழுது. கீழ்ப்புறம் தொங்குமாயின் நூலே கோலை நேர்நிறுத்தும். முதுகினைக் காட்டிலும் கோல் எப்பக்கம் நேராகத் தோன்றுகின்றதோ அதனை நோக்கிக் கட்டுதல் தகும்.

அடுத்தது ரீல் பொருந்தும் பீடமும் கைப்பிடியும். பீடத்தின் உட்டுளை கோலினும் அகன்றிருக்குமாதலால், இடைவெளியை நிரப்பக் காகித நாடாவைக் கோலின்மேல் இரண்டு மூன்றிடங்களில் வளையமாகச் சுற்றி, நடுவிற் பசைக்கு இடம் விடுவர். ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இதற்கு ஆகாது. மெல்ல இறுகும் எப்பாக்சியே வேண்டும். நாடாவின் ஓரங்கள் முற்றும் பசையில் மூழ்குக. வெளித்தெரிந்தால் உப்புநீரை உறிஞ்சி உள்ளே அழுகும். கைப்பிடியின் நீளம் புத்தகத்திற் பார்க்கும் அளவன்று. கோலை ஏந்துவானது அடிமுனை அக்குளில் அடங்க, கை இயல்பாக நீளும் இடத்திற் பீடம் வருதல் வேண்டும். பாட்டனாரை முற்றத்தில் நிறுத்தி அளந்தேன். பெருவிரல் மடங்காமையால், பிடியைச் சற்றுப் பருமனாகவே வைத்தேன்.

இனி வளையங்கள். உப்புக் கடலுக்குத் தைட்டேனியச் சட்டம் துருவேறாது, விலை மிகுதி. உயர்ந்த எவர்சில்வர்ச் சட்டம் பழுதறப் பேணினால் நெடுநாள் நிற்கும். உள்வளையம் சுட்ட மண்ணினத்ததாய் வழுவழுப்பாக இருத்தல் இன்றியமையாதது. பின்னல் நூல் வெறும் உலோகத்தை அரம்போல் அறுக்கும். ரீலுக்கு அண்மையது அகன்றும், பின்வருவன படிப்படியாகக் குறுகியும் அமையும். ரீலின் நூற்சுருள் விட்டத்தை 27-ஆற் பெருக்கிய தொலைவில், சுருண்டு வரும் நூல் நேராக ஒடுங்கும் முதற் சிறுவளையத்தை வைப்பது ஒரு வழக்கு. விட்டம் 5 செ.மீ. ஆயின் 135 செ.மீ. ஆகும். எண்ணிக்கைக்கு ‘அடிக்கு ஒன்று’ என்பர். இவை தொடக்கத்திற்கு மாத்திரமே. வளையங்களை நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நூலை அவற்றினூடே செலுத்தி, நுனியிற் பாரமிட்டு வளைத்துப் பார்க்குக. நூல் கோலின் வளைவைத் தழுவிச் செல்லுதல் வேண்டும். இரு வளையங்களுக்கிடையே முடுக்காக மடங்கினால், அவற்றை நகர்த்துக, அல்லது ஒன்றைக் கூட்டுக. இதில் அரை நாள் சென்றாலும் இழப்பில்லை.

நூல் சுற்றுதலே இத்தொழிலின் உயிர். வளையத்தின் பாதங்களை முதலில் அரத்தால் மெல்லிதாகச் சரித்துத் தேய்க்க வேண்டும். இன்றேல் நூல் படியேற மாட்டாது இடைவெளி விடும். அடிப்பக்கத்துக் கூர் பிசிறு கார்பனைக் கீறுமாதலால் அதனையும் நீக்குக. நைலான் நூலைப் பாதத்திற்குச் சற்று முன்பே கோலின்மேற் போட்டு, அதன் வாலின்மேலேயே ஐந்தாறு சுற்றுக்கள் இறுகச் சுற்றினால், வால் அடங்கிவிடும். பிறகு கோலை உருட்டிக்கொண்டே சுற்றுக்களை ஒன்றோடொன்று நெருக்கிச் செல்க. முடிவிற்கு ஏழெட்டுச் சுற்றின் முன், தனி நூற்கண்ணி ஒன்றை உள்ளிட்டுச் சுற்றி, இறுதியில் நூலின் முனையை அக்கண்ணியிற் கோத்து இழுத்தால் அது சுற்றுக்களினடியிற் புதைந்துபோம். முடிச்சு எங்கும் இல்லை.

மிஞ்சிய வாலை அறுக்கும்பொழுதுதான் எனக்குக் கேடு வந்தது. மூன்றாம் வளையத்தில் பிளேடு வழுக்கிக் கோலின்மேல் மயிரிழையளவு ஒரு கீறல் விழுந்தது. புது வெறுங்கோலுக்கு, மாலைதோறும் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி யான் பெறும் ஊதியத்தில் இரண்டு மாதத்தது வேண்டும். நூலை நான்கு சுற்று நீட்டினேன், கீறல் மறைந்தது. மேலே எப்பாக்சியும் பூசினேன், கண்ணாடிபோற் பளபளத்தது. நண்பர் பலர் புகழ்ந்தனர். யானும் புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டேன்.

விடுமுறையிற் கோலைப் பாட்டனாரிடங் கொடுத்தேன். அவர் புதுக்கயிறு எதனையும் இழுத்துப் பாராது கடலுக்குக் கொண்டுபோகார். நூலின் முனையைப் படகு கட்டும் கல்லிற் பிணித்து, பின்னே சாய்ந்து வளைத்தார். மூன்றாம் வளையத்தில் வெடியோசையோடு முறிந்து, மேற்பாதி அவர் காதை உரசிச் சென்றது. வளைவின் ஈரக்கல்மேல் நின்று, மீனோடு போராடுங்கால் இது நேர்ந்திருந்தால்! அவர் முறிந்த இடத்தை நகத்தாற் சுரண்டி, நூலை விலக்கிப் பார்த்தார். “இது என்ன மக்களே, நேரா வெட்டினாப்புல இருக்கு?” என்றார். “பிளேடு பட்டுது பாட்டா. நான் நூலப் போட்டு மறைச்சிட்டேன்” என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்து, “அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு கோலுதான் போயிருக்கும். இப்ப நீ குடுத்தா நான் மறுபடி இழுத்துப் பாக்கணுமே” என்று மாத்திரம் கூறினார். அடித்திருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

இரண்டாம் கோலில் நூலின் வாலைப் பிளேடால் அறுக்கவில்லை. சிறு கத்தரியால் வெட்டி, எஞ்சிய பிசிறைச் சுடரருகே ஒருகணம் காட்டிச் சுருக்கினேன். வளையங்களிலிருந்து கழற்றிய உள்ளிணைப்புக்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்திற் பார்த்தேன்.

மேற்பூச்சிற்கு எப்பாக்சியின் இரு பகுதிகளும் சம அளவாகக் கலக்கப்படல் வேண்டும். மருந்தேற்றும் குழலால் தனித்தனியே அளந்திடுக, கண்ணளவு போதாது. அளவு பிறழ்ந்தால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு நீங்காது. குமிழி எழாவண்ணம் இரண்டு மூன்று நிமிடம் மெல்லக் கலக்கி, தகரத்தாளில் ஊற்றிப் பரப்பித் தூரிகையாற் பூசுக. வளையப் பாதத்தின் இருமருங்கும் உள்ள குழியை நிரப்பாது விட்டால் உப்புநீர் புகுந்து அங்கிருந்தே துரு தொடங்கும். பூச்சுத் தொங்காதபடி நான்கைந்து மணி நேரம் கோல் சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரை இதற்குக் கொள்வாரும் உளர். விடுதியில் எனக்கு அது வாய்க்கவில்லை. அறைத்தோழனும் யானும் முறைவைத்து, ஒருவன் தொல்காப்பியம் பொருளதிகாரத்தை வாசிக்க மற்றவன் கோலைத் திருப்பி, நள்ளிரவு கடத்தினோம். தடித்த ஒரு பூச்சைக் காட்டிலும் மெல்லிய இரண்டு நலம். இரண்டாவதை மறுநாள் இடுக.

நுனிவளையத்தை மாத்திரம் எப்பாக்சியால் ஒட்டற்க. அதுவே முதலில் உடைவது. சூட்டில் இளகும் பசையால் ஒட்டினால் வேண்டும்பொழுது கழற்றலாம். அப்பொழுதும் சுடரை உலோகத்திற் காட்டுக, கார்பனிற் படவேண்டா.

கடலினின்று மீண்டதும் நன்னீரால் கழுவி, பீடத்தின் திருகைத் தளர்த்தி நிழலில் உலர்த்துக. திங்கள்தோறும் பஞ்சு சுற்றிய குச்சியை ஒவ்வொரு வளையத்துள்ளும் சுழற்றிப் பார்க்க. பஞ்சு சிக்கினால் அங்கு வெடிப்புண்டு.

இரண்டாம் கோலையும் பாட்டனார் அக்கல்லிலேயே பிணித்து இழுத்தார், முன்னையினும் கடுமையாக. அது நின்றது. அதன்பின் ஆறு பாரைகளும் ஓர் ஊளியும் அதனால் வந்தன. கைப்பிடி இரண்டு விரற்கடை நீண்டுவிட்டதென்றும், பாறையில் இடிக்கின்றதென்றும் குறை கூறியிருக்கின்றார். வரும் விடுமுறையில் அதனைக் குறைக்க வேண்டும்.