தைலமும் சூடமும்: வீட்டு நம்பிக்கைகளும் உண்மைகளும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வீடுகளில் சளிக்கும் கொசுவுக்கும் முதலில் எடுக்கப்படுபவை நீலகிரித் தைலமும் சூடமும் கிராம்புத் தைலமுமே ஆகும். மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் சீட்டின்றிக் கிடைப்பதாலும், தலைமுறைகளாகப் புழங்கி வருவதாலும், இவற்றை மருந்துக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. மரஞ்செடியிலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. உண்மையில் நறுமண எண்ணெய் என்பது இலை, பட்டை, மொட்டு முதலியவற்றிலிருந்து பெரும்பாலும் ஆவியில் வடித்தெடுக்கப்படும், எளிதில் காற்றோடு கலக்கும் எண்ணெய். மூலப்பொருளைவிடப் பலமடங்கு செறிவானது. நீலகிரித் தைலத்தின் பெரும்பகுதி சினியோல் என்னும் ஒரே வேதிப்பொருள். அந்தத் தைலத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சிறு குழந்தையின் வயிற்றுக்குள் சென்றால் நினைவு தப்பி மூச்சு தளரக்கூடும். கிராம்புத் தைலத்தில் 5 முதல் 10 மில்லி வரை விழுங்கிய இரண்டு வயதுக் குழந்தைக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. கடைகளில் விற்கும் சூடத்திலும் பெரும்பகுதி இன்று கற்பூர மரத்திலிருந்து வருவதன்று. டர்பன்டைன் எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது.

சாமி படத்தின் முன் ஏற்றுவதாகையால் சூடம் வாயில் பட்டாலும் குற்றமில்லை என்ற எண்ணம் இத்தகைய நம்பிக்கைகளுள் மிகவும் அஞ்சத்தக்கது. வெள்ளை வில்லையாக, மிட்டாய் போன்ற தோற்றத்துடன் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அது கிடக்கிறது. சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிர்போக்கியதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. விழுங்கிய சில நிமிடங்களிலேயே, வேறு அறிகுறி எதுவும் தோன்றுமுன், வலிப்பு வந்துவிடலாம். அமெரிக்க அரசு 1982-இல் கற்பூர எண்ணெய் விற்பனையைத் தடை செய்து, அடுத்த ஆண்டில் பிற மருந்துப் பொருள்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பிட்டதற்கு இத்தகைய நச்சு நிகழ்வுகளே காரணம். அந்துருண்டையும் சூடமும் ஒன்றே என்று கருதுவோரும் உள்ளனர். அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்னும் வேறு பொருளாலானது, ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

முகர்வதும் பூசுவதும் உடலுக்குள் செல்லாது என்பதும் சரியன்று. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வலிப்புடன் வந்த 350 பெரியவர்களில் 55 பேருக்கு அது நறுமண எண்ணெய்ப் பயன்பாட்டோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது; அவர்களுள் முகர்ந்தவர்களும் தோலில் பூசியவர்களும் இருந்தனர். ஆகவே வலிப்பு நோய் உள்ள வீட்டில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அதே 2021-இல், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, சூடம், கிராம்பு, ஓமம், நீலகிரித் தைலம் ஆகியவற்றைத் துணியில் முடிந்து முகர்ந்தால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு உயரும் என்ற வாட்ஸ்அப் செய்தி வீடுதோறும் பரவியது. இப்பொருள்கள் மூக்கிலுள்ள குளிர்ச்சியுணர் நரம்புகளைத் தூண்டுவதால் மூச்சு தாராளமானதுபோல் தோன்றுமே தவிர, இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு ஏறுவதில்லை. ஆபத்தில் இருந்தவர் அந்தப் பொய்யான ஆறுதலை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட நேர்வதே இதன் பெருந்தீங்கு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே தைலம் தடவினால், குரல்வளை திடீரென இறுகி மூச்சு நின்றுபோகவும் கூடும். பெரியவர்கள் தோலில் பூச விரும்பினால், 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்குப் பன்னிரண்டு துளி, ஏறத்தாழ 2 விழுக்காடு, என்ற அளவில் கலப்பது பொதுவான வழக்கம்.

கொசுவிரட்டிக் குப்பியில் வேப்பெண்ணெயும் சூடமும் கலந்து நிரப்பி மின்கருவியில் செருகும் முறை இப்போது பரவலாக உள்ளது. சூடத்தின் ஆவி ஏறத்தாழ 66 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்கது என்பதால், வேறொரு திரவத்துக்காக வடிவமைத்த சூடேற்றியில் அதை இடுவது தீ விபத்துக்கு வழிகோலும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கொரட்டூர் ஏரியிலோ பருத்திப்பட்டு ஏரியிலோ அன்றி, வீட்டு டிரம்மிலும் மூடாத தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்கிய நல்ல நீரில் பெருகுவது. வாரம் ஒருமுறை அவற்றைத் தேய்த்துக் கழுவுவது எந்தப் புகையையும்விடப் பயன் தரும்.

சூடத்தையோ தைலத்தையோ குழந்தை விழுங்கிவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டும் என்ற பழக்கம் உயிருக்கே கேடானது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கும், வலிப்பும் குறுக்கிடலாம். சூடம் கொழுப்பில் கரைவதால் பாலும் எண்ணெயும் கொடுக்கலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகலாக வழிகாட்டுகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ செல்ல நேரிட்டால், குப்பியையோ சூடப் பொட்டலத்தையோ கையோடு கொண்டு சென்று, எவ்வளவு குறைந்துள்ளது, எத்தனை மணிக்கு விழுங்கியது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.