மனையில் மண் எடுப்பது முதல் பால் காய்ச்சுவது வரை!

திருநின்றவூர் பூசலார் நாயனாரை உங்களுக்குத் தெரியும்தானே? சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டவர். ஆனால், கையில் பொருள் இல்லை. ஊர் ஊராகத் தேடியும் கிடைக்கவில்லை. மனம் தளராத பூசலார், நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார். கல் மேல் கல்லாக அடுக்கி, விமானம் எழுப்பி, மதில் சுற்றி, குளம் தோண்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் ஈசன் தோன்றி, அன்று பூசலார் ஆலயத்தில் எழுந்தருளப் போவதாகச் சொல்லி, மன்னனை வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்கிறது பெரியபுராணம்.

எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? நகரத்து அடுக்குமாடியில் குடியிருந்தபடியே, 'மாமனார் விட்டுச் சென்ற மனையில் ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பூஜைக்கு ஒரு மாடம், பின்னால் கிணற்றடி... அவ்வளவு போதும்' என்று மனசுக்குள் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! நீங்களும் பூசலார் மாதிரிதான். மனசுக்குள் கட்டிய வீடு மண்ணில் எழும்போது என்னென்ன செய்ய வேண்டும், எதை அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்று இந்த வாரம் பார்ப்போமா?

முதல் அழைப்பு யாருக்கு?

பட்டா, வில்லங்கச் சான்று, ஊராட்சியின் கட்டட அனுமதி எல்லாம் கையில் இருக்கட்டும். அதற்கு முன்பே செய்ய வேண்டியது, குலதெய்வத்துக்குச் சொல்வது. குடும்பத்தோடு போய்ப் பொங்கலிட்டு, 'இங்கே வீடு கட்டப் போகிறோம்' என்று உத்தரவு கேளுங்கள். ஊர்ப் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய். எல்லையில் ஐயனாரோ, மாரியம்மனோ இருந்தால் அங்கே ஓர் அர்ச்சனை. வெகுகாலம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, ஊர்த் தெய்வங்களின் அனுமதிதான் முதல் அஸ்திவாரம்.

அடுத்து மண் பரிசோதனை. மனையின் நடுவில் ஒரு முழ நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, எடுத்த மண்ணை அதிலேயே போட்டு மூடச் சொல்கின்றன வாஸ்து நூல்கள். மண் மிஞ்சினால் உத்தமம். சரியாக இருந்தால் மத்திமம். குறைந்தால் அந்த இடம் ஆகாது. கெட்டியாக இறுகிய மண்ணைத் தோண்டினால் உதிர்ந்து அளவு கூடும். பொலபொலப்பான மண்ணோ குழியில் அடங்கி, அளவு குறைந்துபோகும். 'பூமி சுமை தாங்குமா?' என்று பெரியோர் கேட்ட கேள்விதான் இது. மனை களிமண் பூமியாகவோ, தூர்த்த குளமாகவோ இருந்தால், பொறியாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நேரம்

அந்தகாசுரனோடு சிவபெருமான் போர் புரிந்தபோது, அவர் திருமேனியிலிருந்து விழுந்த வியர்வைத் துளியில் தோன்றியது ஒரு பூதம். அடங்காத பசியோடு உலகையே விழுங்கப் பார்த்த அதைத் தேவர்கள் கூடிக் குப்புறக் கவிழ்த்து, ஆளுக்கு ஒரு பக்கமாக மேலே அமர்ந்துகொண்டார்கள். அந்தப் பூதமே, வீடு கட்டுவோர் தரும் பூஜையை ஏற்கும் வாஸ்து புருஷன் ஆனது என்கிறது மச்ச புராணம். ஈசானியத்தில் தலையும், நைருதியில் காலுமாக ஒவ்வொரு மனையிலும் அவர் படுத்திருக்கிறார் என்பது ஐதீகம்.

அவர் ஆண்டில் எட்டு நாட்கள் மட்டுமே கண் விழிப்பதாகச் சொல்கின்றன நம் பஞ்சாங்கங்கள். சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 ஆகியவையே அந்த நாட்கள். விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடங்கள். பல் துலக்குதல், நீராடுதல், பூஜை செய்தல், உணவருந்துதல், தாம்பூலம் தரித்தல் என ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடங்கள். உணவருந்தித் தாம்பூலம் தரிக்கும் கடைசி 36 நிமிடங்களில் பூமி பூஜை செய்வது விசேஷம். வயிறு நிறைந்தவரிடம்தானே நாம் எதையும் கேட்போம்! நேரம் நாளுக்கு நாள் மாறும், பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஆடியில் பூமி பூஜை செய்யலாமா?' என்று பலருக்கும் சந்தேகம் வரும். கிரகப்பிரவேசத்துக்குத்தான் ஆடி விலக்கு. வாஸ்து நாள் வரிசையில் ஆடிக்கும் இடம் உண்டு. ஆனாலும், உங்கள் குடும்ப வழக்கத்தைப் பெரியவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஈசானிய மூலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, மஞ்சள் குங்குமம் இட்ட செங்கற்களை ஒற்றைப்படையில் அடுக்கி, பாலும் நவதானியமும் இட்டுப் பூஜிப்பது வழக்கம். செங்கல் என்றதும் திருப்புகலூர் நினைவுக்கு வர வேண்டும். நாகை மாவட்டத்தில் உள்ள இந்தத் தலத்தில்தான், பங்குனி உத்திர விழாச் செலவுக்குப் பொன் வேண்டி வந்த சுந்தரர், செங்கற்களைத் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்தார். விழித்தபோது அவை பொன் கற்களாக மாறியிருந்தன! வீடு கட்டத் தொடங்குவோர் அக்னிபுரீஸ்வரர் சந்நிதிக்குச் செங்கல் கொண்டு வந்து, பூஜித்து எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றும் அங்கே உண்டு. சென்னைவாசிகள் திருவள்ளூர் மாவட்டம் சிறுவாபுரி பாலசுப்பிரமணியரை ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து தரிசித்து, சொந்த வீடு வேண்டிக்கொள்கிறார்கள்.

நிலைவாசலில் மகாலட்சுமி

சமையலறை அக்னி மூலையான தென்கிழக்கில், கிணறும் பூஜையும் ஈசானியத்தில், பாரமான பொருட்கள் நைருதியில். இவ்வளவு அமைந்தாலே சிறிய வீட்டுக்குப் போதும். ஓர் அங்குலம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று கட்டிய சுவரை இடித்துக் கடன்படாதீர்கள்.

நிலைவாசல் வைக்கும் நாள் பெண்களுக்கு உரிய நாள். வாசக்காலுக்கு மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் நாணயமும் இட்டு, சுமங்கலிகள் கூடி நிற்க நிலை நிறுத்துவார்கள். இங்கே ஒரு வேண்டுகோள். 'ராகு காலம் வரப் போகிறது, சீக்கிரம்' என்று கொத்தனாரை விரட்டாதீர்கள். ரசமட்டமும் தூக்குக் குண்டும் பார்த்து நிறுத்த அவருக்கு நேரம் வேண்டும். நிலை சாய்ந்தால் ஆயுசுக்கும் கதவு சரியாகச் சாத்தாது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆட்களை வரச் சொல்லிவிட்டால் பதற்றமே இல்லை.

கூரைக்குக் காங்கிரீட் போட்ட பிறகு, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் ஈரம் காயக் கூடாது. நீங்கள் நகரத்தில் இருப்பீர்கள், ஊற்றுவது யார்? பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி, அதற்கான கூலியும் கொடுத்து, அந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். திருஷ்டிப் பூசணிக்காய் கண்ணேறு படாமல் காக்கும். விரிசல் விழாமல் காப்பது தண்ணீர்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஒளிவு மறைவில்லாமல் ஒன்று சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு என் அப்பா ஊரில் சிறிதாக ஒரு வீடு கட்டினார். தை முகூர்த்தத்தைத் தவறவிட்டால், அடுத்து சித்திரைதான் என்று எல்லோருக்கும் பதற்றம். குளியலறைக்குக் கதவு இல்லை. பின்கட்டு ஜன்னல்களுக்குச் சட்டம் மட்டும்தான். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கிரகப்பிரவேசம் வைத்துவிட்டோம். பசுவும் கன்றும் அழகாக உள்ளே வந்தன. ஹோமமும் சிறப்பாக முடிந்தது. ஆனால், வந்த உறவுக்காரப் பெண்கள் முகம் கழுவவும் இடமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மறுநாளே தச்சரும் கொத்தனாரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. விழா முடிந்தால் வேலையும் முடிந்ததாகத்தானே பொருள்? மீதி வேலை முடிய எட்டு மாதம் ஆனது. "சாமி உள்ளே வந்துட்டார், நாமதான் இன்னும் வெளியே நிக்கிறோம்" என்பார் அம்மா.

கதவு பொருத்தாத, கூரை மூடாத, வாஸ்து பூஜை செய்யாத, பிறருக்கு அன்னமிடாத வீட்டில் குடிபுகக் கூடாது என்பது சாஸ்திரம். அதன் அருமை எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. முகூர்த்தம் போனால் அடுத்த முகூர்த்தம் வரும். ஆகவே, வேலை முடியும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு மாதம் தள்ளியே நாள் குறியுங்கள். கூலியில் ஒரு பங்கைக் கடைசிக் கதவு மாட்டும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொண்டால் மனக்கசப்பும் வராது.

பால் பொங்கும் நாள்

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் இரவு, நெல்லை, குமரி மாவட்டங்களில் 'தச்சுக் கழித்தல்' என்று ஒரு சடங்கு உண்டு. மரத்திலும் கல்லிலும் தங்கிய தோஷம் நீங்கத் தச்சர் செய்யும் பூஜை இது. உங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லாவிட்டாலும், தச்சர், கொத்தனார், சித்தாள் அனைவருக்கும் வேட்டி, புடவையோடு தாம்பூலம் வைத்துக் கொடுங்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால் வீடு குளிரும்.

ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களைத் தவிர்த்து விடியற்காலை முகூர்த்தம் பாருங்கள். மாசி மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். கோபூஜை முடிந்து பசுவும் கன்றும் உள்ளே செல்ல, பின்னால் சுவாமி படம், ஏற்றிய விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, வெல்லத்தோடு நீங்கள் வலது காலை எடுத்து வைத்துச் செல்லுங்கள். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்திக்குப் பிறகு, பால் பொங்கியதும் முதலில் சுவாமிக்கு. பிறகு, அக்கம்பக்கத்தாருக்கு. அன்றிரவு குடும்பத்தில் சிலராவது அங்கே தங்க வேண்டும்.

சரி, மறுநாள்? நீங்கள் நகரத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். ஆசையாகக் கட்டிய வீடு பூட்டிக் கிடந்தால், எட்டுக்கால் பூச்சி அல்லவா அங்கே குடித்தனம் செய்யும்! தண்ணீர் ஊற்றிக் காத்த அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடமே ஒரு சாவியைக் கொடுங்கள். வெள்ளிதோறும் வாசல் தெளித்துக் கோலமிட்டு, விளக்கேற்றச் சொல்லுங்கள். எண்ணெய், திரிச் செலவோடு மனசார ஒரு தொகையும் மாதந்தோறும் போய்ச் சேரட்டும். பொங்கலுக்கும், குலதெய்வ வழிபாட்டுக்கும், பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கும் தவறாமல் போய் வாருங்கள். கதவு மாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. விளக்கு எரிகிறவரைதான் அது வீடு!

உங்கள் மனசுக்குள் எழும்பிக்கொண்டிருக்கும் வீடு, விரைவில் உங்கள் மண்ணிலும் எழும்பட்டும். அதன் நிலைவாசலில் நீங்களே கோலமிட, பூசலாரின் நெஞ்சில் குடிகொண்ட ஈசன் அருள் புரியட்டும்!