ஹங்குரான்கெத்தவும் வேர்சாயும்

உயர்தர வகுப்பில் பதினான்காம் லூயி மன்னரைப் பற்றிய பாடத்தை முடித்த அன்று, பின் வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பிரான்ஸில் எப்பவோ இருந்த ராஜாவை நாங்க ஏன் படிக்கணும்? அவருக்கும் எங்கட தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்ததைச் சாட்டாக வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தாமதமாகக் கொடுக்கும் பதில்.

லூயி பிறந்தது 1638இல். அதே ஆண்டு மார்ச் மாதம் கண்டிக்கு அருகே கன்னொறுவையில் போர்த்துக்கேயரின் படை ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்டது. வென்றவர் இரண்டாம் இராஜசிங்கன். 1635 முதல் 1687 வரை கண்டியை ஆண்ட அவரும், 1643 முதல் 1715 வரை பிரான்ஸை ஆண்ட லூயியும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே காலத்தில் அரசாண்டவர்கள். நமது பாடநூல்களில் ஒருவர் ஐரோப்பிய வரலாற்றிலும் மற்றவர் இலங்கை வரலாற்றிலும் இருப்பதால் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

வரம்பிலா முடியாட்சி என்றால் சட்டம், வரி, போர், தீர்ப்பு எல்லாம் ஒரே மனிதனின் சொல்லில் நிற்பது. பிரான்ஸின் மக்கள் பிரதிநிதிகள் சபை 1614க்குப் பின் 1789 வரை கூட்டப்படவே இல்லை. "நானே அரசு" என்று லூயி சொன்னதாகப் பரீட்சை விடைத்தாள்களில் தவறாமல் எழுதுகிறீர்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று கிடையாது. சொல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆண்டார் என்பது வேறு கதை.

இருவரையும் இணைப்பது பயம் என்று நான் நினைக்கிறேன். லூயி சிறுவனாக இருந்தபோது பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இரவோடு இரவாக அவரைப் பாரிஸிலிருந்து கொண்டுபோக வேண்டி வந்தது. வளர்ந்தபின் அவர் வேர்சாயில் பெரும் அரண்மனை கட்டி, 1682இல் அரசவையையே அங்கு மாற்றினார். பிரபுக்கள் தங்கள் மாகாணங்களில் இருந்து சதி செய்வதை விட, மன்னருக்குக் காலையில் சட்டையை எடுத்துக் கொடுப்பது யார் என்று போட்டி போடுவது அவருக்குப் பாதுகாப்பாகப் பட்டது.

இராஜசிங்கனுக்கு அந்தப் பயம் 1664 டிசம்பரில் வந்தது. நில்லம்பையில் இருந்த அரண்மனையைக் கிளர்ச்சிக்காரர் இரவில் சூழ்ந்தனர். மன்னர் மலைகளுக்குள் தப்பினார். கிளர்ச்சிக்காரர் அரசனாக்க முயன்ற இளவரசனோ அஞ்சி ஓடிவிட, கிளர்ச்சி சில நாட்களில் சிதறியது. கண்டி அரசன் வழக்காறுகளுக்குக் கட்டுப்பட்டவன், பிரதானிகளின் ஆலோசனையைக் கேட்க வேண்டியவன் என்று நூல்கள் சொல்லும். அந்த இரவுக்குப் பின் அவற்றுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது சந்தேகம். மன்னர் தமது இருப்பிடத்தை மலைகள் காவல் செய்யும் ஹங்குரான்கெத்தவுக்கு மாற்றிக்கொண்டார். ஆம், நமது நுவரெலியா மாவட்டத்து ஹங்குரான்கெத்ததான். ரிக்கில்லகஸ்கடைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு வழி தெரியும். அங்குள்ள பொத்குல் விகாரை, அழிந்த அரண்மனையின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டதாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1660இல் கொட்டியாரக் குடாவில் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. சிறைப்பட்டவர் சிறைவைத்தவரைப் பற்றி எழுதியது என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் கண்ணுக்குப் பட்டவை கூர்மையானவை. பாதைகள் வேண்டுமென்றே ஒற்றையடியாக விடப்பட்டன. ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. மலை இடுக்குகளில் முள்வேலிக் கடவைகள் இருந்தன. அவற்றைக் கடக்க களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும். நமது கல்லூரி வாயிற்காவலரின் கையொப்பத் துண்டை நீங்கள் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த முத்திரைதான் ஞாபகம் வரும்.

இரண்டு மன்னர்களும் ஒருமுறை நேரடியாகத் தொடர்புபட்டார்கள். 1672இல் லூயியின் கப்பற்படை தளபதி தெ லா ஹேயின் தலைமையில் திருகோணமலைக்கு வந்தது. ஒல்லாந்தரை நம்பி மோசம்போயிருந்த இராஜசிங்கன் மகிழ்ந்தார். ஒல்லாந்தர் 1638இல் அவரோடு ஒப்பந்தம் செய்துவிட்டு, 1656இல் கொழும்பைப் பிடித்ததும் கோட்டையைக் கொடுக்க மறுத்தவர்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வார்கள். பிரெஞ்சுத் தூதராக அரண்மனைக்கு வந்தவர் லனரோல். அரண்மனை வழக்கத்தை மீறிக் குதிரையில் ஏறியபடியே வந்தார் என்கிறார் நொக்ஸ். மன்னர் காத்திருக்கச் சொன்னார். தூதருக்குப் பொறுமை இல்லை. பேட்டி தொடங்கு முன்பே திரும்பிப் போய்விட்டார். சூரிய மன்னரின் பிரதிநிதியைக் காத்திருக்க வைப்பதா என்ற எண்ணம் போலும். இராஜசிங்கன் அவரை அடித்துச் சங்கிலியில் போடச் சொன்னார். ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரரை அதே ஆண்டு திருகோணமலையிலிருந்து துரத்திவிட, லனரோல் இங்கேயே தங்கவேண்டியதாயிற்று. அந்தப் பெயருடைய குடும்பங்கள் இன்றும் இலங்கையில் உண்டு.

இனி எனக்கு உண்மையில் சிக்கலாக இருக்கும் பகுதி. 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியபோது, இராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னர் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். மகன் காலத்திலும் அந்தக் கதவு அடைபடவில்லை. கண்டியில் முஸ்லிம்களின் பள்ளிக்குக் குடிகள் வீட்டுக்கு ஒரு பணம் கொடுக்கும் உரிமையை முந்தைய அரசர் ஒருவர் வழங்கியிருந்ததாக நொக்ஸ் குறிப்பிடுகிறார். அக்குறணை முஸ்லிம்களின் வாய்மொழி மரபு தங்கள் முன்னோரை இந்த மன்னரின் சேவையோடு இணைக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது அவர்களும் கண்டி எல்லைக்குள்தான் ஒதுங்கினார்கள். அதே காலத்தில், 1685இல், லூயி தமது நாட்டுப் புரட்டஸ்தாந்தரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். இரண்டு இலட்சம் பேரளவில் நாட்டை விட்டு ஓடினார்கள். ஸீறாவில் நஜ்ஜாஷி மன்னரைப் பற்றிப் படித்த பிள்ளைகளுக்கு, அடைக்கலம் தரும் அரசன் மீது அன்பு வருவது இயல்பு. எனக்கும் வருகிறது. ஆனால் எங்களவருக்குப் பாதுகாப்பாக இருந்த அதே மலைதான் நொக்ஸுக்குச் சிறை. யாருக்கு எது என்று தீர்மானித்தது ஒரு சட்டமல்ல, ஒருவருடைய அன்றைய மனநிலை. நம் பக்கம் நன்மை விழுந்தது என்பதற்காக அந்த ஆட்சியை நல்லாட்சி என்று எழுதலாமா? மாணவிகளிடம் கேட்டால் பாதிப்பேர் எழுதலாம் என்கிறார்கள்.

தோட்டத்துக்கு வருகிறேன். கண்டியில் நிலத்துக்கெல்லாம் தலைவன் அரசன் என்பது கொள்கை. நிலத்தை அனுபவிப்பவர் பதிலுக்கு இராஜகாரிய என்ற ஊழியம் செய்ய வேண்டும். 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் விழுந்தபோது இந்தத் தலைமையும் சேர்ந்தே கைமாறியது. 1833இல் இராஜகாரியத்தை அவர்கள் ஒழித்தார்கள். ஆனால் 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் எதிரான சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை என்றது. கண்டிப் பகுதிகளில் சேனை நிலங்களுக்கும் அரச பட்டயம் போன்ற ஆதாரம் வேண்டும் என்றது. பரம்பரையாகச் சேனை செய்த கிராமத்தவரில் எத்தனை பேரிடம் பட்டயம் இருந்திருக்கும்? அக்காலத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்கு மலைகள் விற்கப்பட்டன. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. அதில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் லயன்களில் குடியிருத்தப்பட்டார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயனில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் இன்னும் காணி உறுதி இல்லை.

இதைக் கடந்த வாரம் வகுப்பில் சொன்னபோது, கேள்வி கேட்ட மாணவி இம்முறை எழுந்திருக்கவில்லை. மணி அடித்தபின் மேசையருகே வந்து, தோட்டத்துச் சந்தியில் வாப்பா முப்பது வருடமாக நடத்தும் கடை நிற்கும் நிலம் யாருடையது என்று வீட்டில் விசாரித்ததாகச் சொன்னாள். "தோட்டத்துடையதாம் டீச்சர். தோட்டம் யாருடையதென்று கேட்டேன். வாப்பாவுக்கும் தெரியவில்லை."